அந்தச் சீனி வேறு, இந்தச் சீனி வேறு

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். மார்பகப் புற்றுநோய்க் கலங்களின் புரதங்களில் ஒட்டியிருக்கும் சீனி மாறிப்போகிறது, அதை ஆராய்வதற்காகக் கலங்களையே ஆய்வுகூடத்தில் மாற்றியமைக்கிறார்கள் என்று நாலு வரி. அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு: நான் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தின் கல வளர்ப்பு அறையில் 23 வருஷம் வேலை செய்தவள். வைத்தியர் இல்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ முடிந்து இப்போது தமொக்சிபென் என்ற மார்பகப் புற்றுநோய்க் குளிசை எடுக்கிறார். உங்கள் குறிப்பை வாசித்த நாளிலிருந்து தேநீருக்குச் சீனி போடுவதில்லை. இப்போது சோறு, வாழைப்பழத்தையும் ஒதுக்குகிறார். “சீனிதான் போய் ஒட்டுகிறதாம்” என்கிறார். இது சரியா?
வாசகி, கொட்டாஞ்சேனை

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். விளக்கம் இல்லாமல் “சீனி” என்ற சொல்லைப் போட்டது என் பிழை.

வீட்டில் யாரிடமாவது சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். குருதி வகை அச்சடித்திருக்கும். ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வித்தியாசமே ஒரு சீனிதான். செங்குருதிக் கலத்தின் மேல் ஒரு குட்டிச் சங்கிலி இருக்கிறது. அதன் நுனியில் கலக்ரோசு இருந்தால் பி. அதே கலக்ரோசின் இன்னொரு வடிவமான என்-அசற்றைல் கலக்ரோசமைன் இருந்தால் ஏ. இரண்டும் இல்லாவிட்டால் ஓ. இந்த வகைகளைக் காள் லான்ட்ஸ்டைனர் 1901இல் எழுதி வைத்தார். ஏ வகைக்காரர் சீனியை விட்டால் ஓ வகையாக மாறிவிடுவாரா? மாட்டார். ஏனென்றால் அந்தச் சீனியைக் கலமே உள்ளே செய்து, எந்த இடத்தில் எதை வைப்பது என்று நொதியங்களைக் கொண்டு ஒவ்வொன்றாகக் கோக்கிறது. நாம் சாப்பிடாமல் இருந்தாலும் ஈரல் குளுக்கோசைச் செய்து குருதியில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். கலத்துக்கு அது போதும்.

நீரிழிவுக்காரருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்பிஏ1சி பரிசோதனையோடும் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே குருதியில் சீனி கூடினால் அது நொதியம் எதுவும் இல்லாமல் தானாகவே போய் ஈமோகுளோபினில் ஒட்டும். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினால் அது குறையும். நான் எழுதியது அதைப் பற்றியல்ல.

அதனால் அம்மா சோறும் பழமும் சாப்பிடட்டும். கீமோவில் இளைத்த உடம்பு தேறுகிற நேரம் இது. அவருக்கு நீரிழிவு இருந்தால் வைத்தியர் சொன்ன கட்டுப்பாடு அப்படியே இருக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு எடை கூடுவதும் நல்லதல்ல, அந்தக் காரணத்துக்காகத் தேநீரில் சீனியைக் குறைத்தால் தாராளமாகக் குறைக்கலாம். பயத்தில் பட்டினி கிடக்க வேண்டாம். அடுத்த கிளினிக்கில் போசணை ஆலோசகரைச் சந்திக்க வேண்டும் என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள். கேட்காவிட்டால் அந்த நெரிசலில் யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

கேள்வி: கம்பஸில் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். “மாற்றியமைத்த மார்பகப் புற்றுநோய் செல் லைன்கள்” என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. ஆங்கிலத்தில் வாசித்தால் தலை சுற்றுகிறது. என் அம்மாவுக்கும் விளங்கும்படி சொல்ல முடியுமா? கொழும்பிலேயே இதைச் செய்ய முடியுமா?
வாசகர், பம்பலப்பிட்டி

முடியும் தம்பி. கொஞ்சம் நீளும், பொறுத்து வாசியுங்கள். செல் லைன் என்றால், ஒருவரிடமிருந்து ஒருமுறை எடுத்து ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்த்துக்கொண்டே வரும் கலக் கூட்டம்.

மார்பகத்தில் பால் வரும் குழாய்களின் உட்பக்கத்தில் இருக்கும் கலங்களின் மேல் எம்யூசி1 என்ற நீளமான புரதம் துருத்திக்கொண்டு நிற்கிறது. தாய்ப்பாலின் கொழுப்புத் துளிகளைச் சுற்றியிருப்பதும் அதே புரதம்தான். 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு அதில் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு துண்டிலும் சீனி ஏறக்கூடிய இடம் ஐந்து. முதலில் ஏறுவது, மேலே சொன்ன ஏ வகைக் குருதியின் நுனியில் இருக்கும் அதே என்-அசற்றைல் கலக்ரோசமைன். அதன் மேல் கலக்ரோசு. பிறகு பக்கத்தில் ஒரு கிளை, அந்தக் கிளையின் மேல் இன்னும் நீளம். சுகமான மார்பகத்தில் இந்தச் சங்கிலி நீண்டு கிளைவிட்டிருக்கும். புற்றுநோயில் அது குட்டையாகிவிடுகிறது. சியாலிக் அமிலம் என்ற சீனி முந்திக்கொண்டு வந்து மூடிவிடும். மூடி விழுந்துவிட்டால் அதற்கு மேல் சங்கிலி வளராது. முதல் சீனியோடு நின்றுபோனால் அதற்கு ரிஎன் என்று பெயர். அந்த முதல் சீனியிலேயே மூடி விழுந்தால் சியாலைல்-ரிஎன். கலக்ரோசு வரை வந்து நின்றால் ரி.

சரி, சங்கிலி குட்டையானதால் நோய் பரவுகிறதா, நோய் வந்ததால் சங்கிலி குட்டையானதா? நோயாளியின் கட்டியில் ஒரு துண்டை எடுத்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் இது தெரியாது. அதில் நூற்றுக்கணக்கான விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறிக் கிடக்கின்றன. அதனால்தான் வளர்க்கக்கூடிய ஒரு கலத்தை எடுத்து, அதில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றாத கலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். உங்கள் தலைப்பின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு வழி, இல்லாததைச் சேர்ப்பது. சியாலைல்-ரிஎன் சில பெண்களின் கட்டிகளில் கிடைக்கிறது, ஆனால் ஆய்வுகூடத்தில் வழக்கமாக வளர்க்கும் மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் அது இருப்பதில்லை. அதனால் பிரான்சின் லில் நகரத்தில் ஒரு குழு, அந்த மூடியைப் போடும் நொதியத்தின் ஜீனை ரி47டி, எம்டிஏ-எம்பி-231 என்ற இரண்டு செல் லைன்களிலும் புகுத்தியது. புகுத்திய 231 கலங்கள் தரையில் ஒட்டுவது குறைந்தது, நகர்வது கூடியது, நிர்ப்பீடனம் இல்லாத எலிகளில் கட்டி பெரிதாக வளர்ந்தது. 2006இல் வெளியான முடிவு இது.

மற்ற வழி, இருப்பதை எடுப்பது. கலக்ரோசை ஏற்றும் நொதியம் ஒழுங்காக மடிவதற்குக் கொஸ்மிக் என்ற துணைப் புரதம் வேண்டும். அதன் ஜீனை அறுத்துவிட்டால் எல்லாச் சங்கிலியும் முதல் சீனியோடு நின்றுவிடும், சிலவற்றில் அதன் மேல் மூடி விழும். டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் ஹென்ரிக் கிளோசன் குழு 2011இல் இதைச் செய்து, அந்தக் கலங்களுக்கு “சிம்பிள் செல்” என்று பெயர் வைத்தது. ஜீனை அறுக்க இன்று பயன்படும் கிறிஸ்பர் என்ற கத்தரி வரும் முன்பே, சிங்க் பிங்கர் என்ற பழைய கத்தரியால் செய்த வேலை அது. சங்கிலி குட்டையாக இருந்தால் எந்தப் புரதத்தில் எந்த இடத்தில் சீனி ஒட்டியிருக்கிறது என்று எண்ணுவது சுலபம். 2013இல் 12 செல் லைன்களிலிருந்து 600க்கும் மேற்பட்ட புரதங்களில் ஏறத்தாழ 3000 இடங்களைக் கணக்கெடுத்துக் காட்டினார்கள். எனக்கு மிகப் பிடித்த வேலை இது.

இனி கைவேலை. ஜீனை அறுத்த பிறகு கலங்களை ஐதாக்கி, 96 குழித் தட்டில் ஒரு குழிக்கு ஒரு கலம் விழும்படி இடுவோம். இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். 37 பாகையில், 5 சதவீதக் காபனீரொட்சைட்டில், ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, குழியின் அடியில் ஒரு சிறு திட்டாகும். கலங்கள் வளரும் ரோசா நிறத் திரவம் மஞ்சளாகத் தொடங்கினால் கலங்கள் பெருகுகின்றன என்று அர்த்தம். எத்தனையோ வருஷம் பார்த்தாலும், காலையில் கதவைத் திறந்து அந்த மஞ்சளைக் காணும்போது மனம் குளிரும்.

சீனி மாறிவிட்டதா என்று பார்க்க என்ன போடுவோம் தெரியுமா? கச்சான். காலிமுகத்திடலில் பொட்டலம் கட்டி விற்கும் அதே கச்சான் விதையிலிருந்து பிரித்த ஒரு புரதம் ரி சங்கிலியைத் தேடிப் பிடித்து ஒட்டும். அதில் ஒளிரும் சாயம் ஏற்றியிருப்போம். முதலில் மூடியைக் கழற்றும் நொதியத்தைப் போட்டுவிட்டுக் கச்சான் புரதத்தை இட்டால், மாற்றாத ரி47டி கலங்கள் ஓரமெல்லாம் பச்சை வளையமாக ஒளிரும். கொஸ்மிக் அறுத்த கலங்கள் இருண்டு கிடக்கும். அவரைக் குடும்பத்து இன்னொரு கொடியின் விதைப் புரதம் ரிஎன்னைப் பிடிக்கும், அதைப் போட்டால் இப்போது அறுத்தவை ஒளிரும், மற்றவை இருளும். இருட்டறையில் முதல் முறை அதைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நம் பலாக்கொட்டையிலிருந்து எடுத்த ஜக்கலின் என்ற புரதமும் இந்த வகை வேலைக்குத்தான்.

இரண்டு விஷயத்தைத் தவறவிடாதீர்கள். ஒரே ஒரு குளோனை வைத்து முடிவு சொல்லக்கூடாது. தனிக் கலத்திலிருந்து வளர்ந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் தன் குணம் உண்டு, நாலைந்து குளோனாவது ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அறுத்த ஜீனைத் திரும்ப வைத்தால் பழைய குணம் திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். திரும்பாவிட்டால் நீங்கள் கண்டது வேறு எதனாலோ வந்தது. இதைச் செய்யாமல் எழுதிய கட்டுரை எவ்வளவு பெரிய சஞ்சிகையில் வந்தாலும் நான் நம்புவதில்லை.

கொழும்பில் செய்யலாமா? கலம் வளர்க்கலாம், சாயம் போடலாம், ஜீனை அறுக்கலாம். அதற்கு வேண்டிய கைகளும் மூளைகளும் இங்கே இருக்கின்றன. சங்கிலியின் முழு அமைப்பையும் வாசிக்கும் பெரிய திணிவு நிறமாலைக் கருவி வேலைக்கு வெளிநாட்டில் ஒரு கூட்டாளி இருந்தால் நல்லது. கலங்களுக்கு ஊட்டும் சீரம் டொலரில் வருகிறது, ஐஸில் வருகிறது. விமான நிலையத்தில் ஒரு நீண்ட விடுமுறை வார இறுதி மாட்டிக்கொண்டால் போச்சு. அப்புறம் மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த வாரம் ஜெனரேற்றருக்கு டீசல் கிடைக்கவில்லை. மறை 80 பாகை பிரீசரில் நான் வைத்திருந்த நாலு குளோன்களும் இளகிப் போயின. எட்டு மாத வேலை. குப்பியைக் கையில் எடுத்தபோது உள்ளே தண்ணீர் ஆடியது. திரவ நைதரசனில் வைத்த ஒன்று மட்டும் பிழைத்தது, ஏனென்றால் அதற்கு மின்சாரம் தேவையில்லை. நீங்கள் முதல் நாளே ஒவ்வொரு குளோனிலும் இரண்டு குப்பிகளை இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் வையுங்கள் தம்பி.

கேள்வி: பலாக்கொட்டைக்குப் புற்றுநோய்க் கலத்தைப் பிடிக்கும் சக்தி இருக்கிறதாமே? தினமும் அவித்துச் சாப்பிடலாமா?
வாசகி, தெஹிவளை

கறிக்கு நல்லது, சாப்பிடுங்கள். மருந்தாக நினைத்துச் சாப்பிட வேண்டாம். கண்ணாடித் தட்டில் சாயம் ஏற்றி இடுவதற்கும் வயிற்றுக்குள் போவதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் உடற்பரிசோதனைப் பொதியில் சிஏ 15-3 என்று ஒன்று இருக்கிறது. மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே காட்டுமாம். 44 வயது எனக்கு. வருஷம் ஒருமுறை எடுக்கலாமா?
வாசகி, வெள்ளவத்தை

அந்தப் பரிசோதனை தேடுவது மேலே சொன்ன எம்யூசி1 புரதத்தைத்தான். கலத்தின் மேலிருந்து கழன்று குருதியில் மிதக்கும் துண்டுகளை அது அளக்கிறது. ஏற்கெனவே நோய் பரவியிருக்கும் ஒருவருக்கு மருந்து வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்க்க வைத்தியர்கள் இதைப் பயன்படுத்துவார்கள். சுகமாக இருப்பவரிடம் நோயைத் தேடுவதற்கு இது உதவாது. சிறிய கட்டி இருக்கும்போது அளவு சாதாரணமாகவே இருக்கலாம், ஈரல் நோய் போன்ற வேறு காரணத்தால் கூடியும் இருக்கலாம். சாதாரணம் என்று தாளில் வந்ததை நம்பிக் கையில் தட்டுப்பட்ட கட்டியை ஒருவர் ஆறு மாதம் தள்ளிப்போட்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் வெல் வுமன் கிளினிக்கில் மார்பைப் பரிசோதிப்பார்கள், காசு வாங்கமாட்டார்கள். நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் அரச நிலையமும் இருக்கிறது. அம்மா, அக்கா, தங்கச்சி யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இதுதான்.

கேள்வி: இந்தச் சீனியைக் குறிவைத்து மருந்து ஏதும் வந்திருக்கிறதா?
வாசகர், மட்டக்குளி

ஒரு தடுப்பூசி வந்து தோற்றது. சியாலைல்-ரிஎன்னைக் காட்டி நம் நிர்ப்பீடனத்தைத் தூண்டும் தெரற்றோப் என்ற ஊசி, நோய் பரவிய 1000க்கும் மேற்பட்ட பெண்களிடம் பரிசோதிக்கப்பட்டது. உடம்பு பிறபொருளெதிரிகளை உண்டாக்கியது. ஆனால் ஆயுள் கூடவில்லை என்று 2003இல் தெரியவந்தது. அந்தப் பெண்களின் கட்டிகளில் சியாலைல்-ரிஎன் இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்த்துத் தெரிவு செய்திருக்கவில்லை. எனக்கு அந்தச் செய்தியில் மிகவும் வலித்தது அதுதான். இப்போது ஒரு பிறபொருளெதிரியைத் தயாரிப்பவர்கள் முதலில் மாற்றியமைத்த கலங்களில் வைத்துப் பார்க்கிறார்கள்: சீனி இருக்கும் கலத்தைப் பிடிக்கிறதா, அந்த ஒரு சீனி இல்லாத இரட்டையை விட்டுவிடுகிறதா என்று. நம்பிக்கை வைக்கலாம், ஆனால் நாளைக்கே மருந்துக் கடையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: வளர்க்கிறார்கள், அறுக்கிறார்கள் என்கிறீர்கள். இந்தக் கலங்கள் யாருடையவை? அவர்களிடம் கேட்டார்களா?
வாசகி, மருதானை

இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. என்னிடம் படிக்க வந்த பிள்ளைகள் ஒருவரும் முதல் நாளில் இதைக் கேட்டதில்லை, நானே சொல்வேன்.

உலகத்தில் அதிகம் பயன்பட்ட மார்பகப் புற்றுநோய் செல் லைன் எம்சிஎப்-7. அமெரிக்காவின் மிச்சிகனில் கத்தரின் பிரான்சிஸ் என்ற கன்னியாஸ்திரியிடமிருந்து 1970இல் வந்தது. அவருக்கு அப்போது 69 வயது. ஹேர்பட் சூல் என்பவர் மிச்சிகன் புற்றுநோய் மன்றத்தில் அதை வளர்த்தெடுத்தார். பெயரில் உள்ள எழுத்துகள் அந்த மன்றம், ஏழு என்பது ஏழாவது முயற்சி. ஈஸ்திரஜன் என்ற பெண் ஹோமோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம் அந்தக் கலங்களில் இருப்பது தெரிந்தது, ஈஸ்திரஜனைத் தடுக்கும் மருந்து அவற்றின் வளர்ச்சியை நிறுத்துவதை 1975இல் மார்க் லிப்மன் காட்டினார். கொட்டாஞ்சேனை அம்மா எடுக்கும் தமொக்சிபென் அந்த வகை மருந்துதான். எம்டிஏ-எம்பி-231 கலங்கள் 51 வயதுப் பெண் ஒருவருடையவை, ரி47டி 54 வயதுப் பெண்ணுடையவை. வயது மட்டும் பதிவில் நிற்கிறது.

கேட்டார்களா என்றால், அந்தக் காலத்தில் கேட்கும் வழக்கமே இல்லை. 1951இல் போல்டிமோரில் ஹென்றியெற்றா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைக் கழுத்துக் கட்டியிலிருந்து அவர் அறியாமல் எடுத்த கலங்கள்தான் ஹீலா. அவற்றை விற்றுப் பணம் பார்த்த ஒரு கம்பனியோடு அவருடைய குடும்பம் 2023இல்தான் ஓர் இணக்கத்துக்கு வந்தது. இப்போது ஆராய்ச்சிக்கு எடுப்பதென்றால் கையெழுத்து வாங்குவதுதான் முறை. நான் அதை முழு மனதோடு வரவேற்கிறேன்.

மேலே சொன்ன மூன்று மார்பகக் கலங்களும் கட்டியிலிருந்து எடுத்தவை அல்ல. நோய் பரவி நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்தவை. மூச்சுவிட முடியாமல் துடிக்கும் நோயாளிக்கு முதுகுப் பக்கத்தில் ஊசி போட்டு அந்த நீரை இறக்குவார்கள். பல வருஷம் இதை நான் புத்தகத்து வரியாகத்தான் அறிந்திருந்தேன். பிறகு என் அக்காவுக்கு அது நடந்தது. வாட்டில் கட்டிலுக்குக் கீழே போத்தல் நின்றது. வைக்கோல் நிறத் தண்ணீர், கொஞ்சம் நுரை. ஒரு லீற்றருக்கு மேல் இறங்கியதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, நாலு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். “இதைத்தானே நீ வளர்க்கிறது?” என்று கேட்டார். ஓம் என்றேன். “வேணுமெண்டால் எடுத்துக்கொண்டு போ” என்றார்.

எடுக்க முடியாது என்று சொன்னேன். அதற்கு அனுமதிக் குழு இருக்கிறது, படிவம் இருக்கிறது, அவர் சுகமாக இருக்கும்போது வாசித்து விளங்கிக் கையெழுத்து வைக்க வேண்டும். எங்களிடம் அப்படி ஒரு ஏற்பாடு அப்போது இருக்கவில்லை. மத்தியானம் உதவியாளர் வந்து அளவைக் குறித்துக்கொண்டு போத்தலைக் கழிவுக்கு எடுத்துப்போனார்.